மூன்றாவது சிலிண்டரின் சுவர்

சாம்பல் நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்த இரும்புத்தூளில் ஒரு சிட்டிகைப் பழுப்பு கலந்து விழுந்ததும் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கை தானாகப் போய், சிலிண்டரின் உட்சுவரைச் செதுக்கிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தியது. சுழன்றுகொண்டிருந்த கனத்த தண்டு உடனே நிற்கவில்லை. வேகம் குறைந்து அடங்குவதற்குள் இரண்டு மூன்று முறை எதன்மீதோ டக், டக்கென்று இடித்தது. அந்த இடி அவளுடைய நெஞ்சுக்கூட்டுக்குள் விழுந்ததுபோல் இருந்தது.

வார்ப்பிரும்பை வெட்டினால் வரும் தூள் பென்சில் கரியின் நிறத்தில் இருக்கும். பழுப்பு என்றால் துரு. சிலிண்டரின் சுவருக்குள் துரு இருக்க வழியே இல்லை. அது இருக்கிற இடம் சுவருக்கு அந்தப் பக்கம், இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடுகிற அறையில். அந்தப் பக்கத்துத் துரு இந்தப் பக்கம் வந்து விழுகிறது என்றால் நடுவில் இருந்த சுவர் போய்விட்டது என்று அர்த்தம்.

டார்ச்சை எடுத்துச் சிலிண்டருக்குள் அடித்தாள். வெட்டிய சுவர் பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பின் நடுவில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புக் கீற்று. விரலை விட்டுத் தடவினாள். ஓரம் கத்திபோல் சுரண்டியது. ஓட்டைதான். சந்தேகமே இல்லை.

அப்போது பின்கட்டிலிருந்து தம்பியின் குரல் வந்தது.

"மூணாவதாக்கா?"

"ஆமாடா" என்றாள், யோசிக்காமல். ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்கவும் அவளால் முடியவில்லை. ஒரு நொடி கழித்துத்தான் அந்தக் கேள்வி காதுக்குள் இறங்கியது. டார்ச்சை அணைத்து மெஷின்மேல் வைத்தாள்.

தம்பி காலையிலிருந்து கடையில் இல்லை. ஒரு லாரிக்காரருக்கு உதிரிப் பாகம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பின்வாசல் வழியாக இப்போதுதான் நுழைந்து கை கழுவிக்கொண்டிருந்தான். இன்ஜின் பிளாக்கின் நான்கு சிலிண்டரில் அவள் எதை வெட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சூடு ஒரே பக்கம் தங்கிவிடக் கூடாது என்று அவள் வரிசை மாற்றி மாற்றித்தான் வெட்டுவாள். அந்த வரிசையும் பிளாக்குக்குப் பிளாக் மாறும். இன்றைக்கு நான்காவதில் ஆரம்பித்திருந்தாள்.

சத்தத்தை வைத்து உடைந்துவிட்டது என்று கண்டுபிடிக்கலாம். அவனுக்கு அந்தக் காது உண்டு. ஆனால் எது உடைந்தது என்று?

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. வேறு எந்தப் பட்டறையிலும் இல்லாத வழக்கம். அளப்பவன் வெட்டக் கூடாது, வெட்டுபவள் அளக்கக் கூடாது. ஆரம்பத்தில் இரண்டையும் அக்காவே செய்துகொண்டிருந்தாள். ஒரு டிராக்டர் இன்ஜினுக்கு வேலை செய்தபோது, சீக்கிரம் முடிக்கவேண்டும் என்று கை பறந்த பறப்பில், அளவுமுள் காட்டியதைப் பார்க்காமல் தான் விரும்பியதைக் கண் பார்த்துவிட்டது. பிளாக் வீணானது. அன்றைக்கு அவள் தெரிந்துகொண்டது, கை எதற்கு ஆசைப்படுகிறதோ அதற்குக் கண் சாட்சி சொல்லிவிடும் என்பது. அதனால் கண்ணைத் தம்பியிடம் கொடுத்தாள், கையைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். அவன் அளந்து வாய்விட்டுச் சொல்வான், அவள் வெட்டுவாள். திருப்பிக் கேட்பதில்லை, போய் எட்டிப் பார்ப்பதும் இல்லை. அப்படிப் பார்த்தால் வழக்கத்துக்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

"அக்காவும் தம்பியும் சேர்ந்தாத்தான்யா ஒரு முழு ஆளு" என்று தெருவில் கேலி பேசினார்கள். ஆனால் ஆம்புலன்ஸ், பள்ளிக்கூட வேன், ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் என்று நம்பிக் கொடுக்கிற வேலையெல்லாம் அந்த ஒரு முழு ஆளிடம்தான் வந்து சேர்ந்தது.

இப்போது மேஜைமேல் இருக்கிற பிளாக் அப்படி வந்ததல்ல. வீட்டு வேலை. அவளுடைய கணவர் பல் டாக்டர், அதே தெருக்கோடியில் ஆஸ்பத்திரி. "புருஷன் போடற ஓட்டை சின்னது, பொண்டாட்டி போடற ஓட்டை பெருசு" என்பது அந்தத் தெருவின் பழைய ஜோக். டாக்டருக்கு ஒரு கார் இருந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரை இல்லாத, முகத்தை நீட்டிக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். அவரும் அவளும் பிறப்பதற்கு முன்னாலேயே அது பந்தயங்களில் ஓடி ஓய்ந்துவிட்டது. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியபோது சீட்டுக்குள்ளிருந்து ஒரு எலிக் குடும்பம் இறங்கிப் போனது. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் டாக்டர் அதன் அடியில் கிடப்பார். தெரு அந்தக் காருக்கு 'டாக்டரோட சின்ன வீடு' என்று பெயர் வைத்தது. "சின்ன வீட்டுக்குப் போயிருக்காரு, வந்ததும் சொல்றேன்" என்று அக்காவே நோயாளிகளிடம் சொல்லும் அளவுக்கு அது பழகிப்போனது.

அந்தக் கார் பந்தயத்தில் ஓடிய காலத்தில், அதற்கென்றே செய்த பெரிய பிஸ்டன்கள் உண்டு. உலகத்தில் எங்கேயோ யாரோ ஒருவர் பெட்டியில் போட்டு மறந்திருந்த நான்கை டாக்டர் தேடிப் பிடித்து வரவழைத்தார். பஞ்சில் பொதிந்து, செயற்கைப் பல்வரிசையை எடுப்பதுபோல் ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். சிலிண்டரின் விட்டத்தைவிட மூன்று மில்லிமீட்டர் பெரியவை. அவை உள்ளே போக வேண்டுமானால் சுவரைச் சுற்றிலும் ஒன்றரை மில்லி செதுக்கியாக வேண்டும்.

"சுவர் எடம் குடுத்தா வெட்டறேன்" என்று அக்கா சொல்லியிருந்தாள். "குடுக்கலேன்னா இந்த நாலையும் பேனா வெக்கிற டப்பாவா வெச்சுக்கோங்க. சம்மதமா?"

"சம்மதம். சுவர் சொல்றதுதான் சட்டம்" என்றார் டாக்டர்.

போன வாரம் தம்பி அளந்தான். சுவரில் பசையைத் தடவி, பேனா மாதிரியான ஒரு கருவியை வைத்தால், சுவர் எத்தனை மில்லி தடிமன் என்று சின்னத் திரையில் தெரியும். டாக்டர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மறுகோடியில் வெட்டுளியைத் தீட்டிக்கொண்டு காதை மட்டும் கொடுத்திருந்தாள். "நாலரை... நாலே கால்... நாலே முக்கால்" என்று தம்பி ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே போனான். மூன்றாவதில் ஒரு இடத்தில் ராகம் நின்றது. பசையைத் துடைத்துவிட்டு மறுபடி தடவினான். பிறகு, "நாலே கால்" என்றான். அவளும் தீட்டுவதை நிறுத்தவில்லை. பசை காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது தம்பி துண்டில் கையைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றான். ஓட்டையைப் பார்க்க வரவில்லை. அவளைப் பார்த்தபடி நின்றான்.

"மூணாவதுன்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"என்னக்கா?"

"காதுல விழல? மூணாவதுன்னு எப்படித் தெரியும்?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. பின்கட்டில் குழாயை மூடாமல் வந்திருந்தான். தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டே இருந்தது.

"நாலே காலுன்னு சொன்னியே. எவ்வளவுடா இருந்துச்சு?"

"ரெண்டே கால்" என்றான்.

அக்கா பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் கையால் தேடி உட்கார்ந்தாள்.

"பிளாக்க வார்க்கும்போதே உள்அச்சு நகந்திருக்கும்போலக்கா. அந்த ஒரு எடத்துலதான் மெலிசு. சுத்தி எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒன்றரை போனாலும் முக்கால் மில்லி மிஞ்சும்னு கணக்குப் போட்டேன். அந்தப் பக்கம் துரு இப்படி அரிச்சிருக்கும்னு எனக்கு..."

"உன்னை யாரு கணக்குப் போடச் சொன்னா?"

"இல்லக்கா..."

"உன் வேலை என்ன? சொல்றது. கண்ணுக்குத் தெரியறதச் சொல்றது. கணக்குப் போடறதுக்கா உன்னை வெச்சிருக்கேன்?"

"சொன்னா நீ வெட்ட மாட்டே."

"வெட்ட மாட்டேன்தான்! அதுக்குத்தானேடா கேக்கறதே!"

அவள் கத்தியதில் வாசலில் போன ஒரு சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்று பார்த்துவிட்டுப் போனார். அக்கா கத்தி அந்தத் தெரு கேட்டதில்லை.

"யாரு அப்படிச் சொல்லச் சொன்னா? மாமாவா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் சொன்னேன்." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "மாமா முகத்தைப் பாத்தேன். ஒரு மாதிரி ஆயிடுச்சு. கொழந்தை மாதிரி நின்னுட்டிருந்தாரு. வாயில நாலே காலுன்னு வந்துடுச்சு."

வந்துவிட்டதாம். அக்கா எழுந்து போய்ப் பின்கட்டுக் குழாயை மூடினாள். அது ஒன்றுதான் அப்போது செய்ய முடிந்த காரியமாக இருந்தது. திரும்பி வந்து மெஷின்மேல் ஒரு துணியை எடுத்துப் போட்டாள். பிறகுதான் இன்னொரு நினைப்பு வந்தது.

"டேய்."

"சொல்லுக்கா."

"இதுக்கு முன்னாடி?"

அவனுக்குப் புரியவில்லை. அல்லது புரிந்துவிட்டது.

"அந்த ஆம்புலன்ஸ் பிளாக்குக்கு நீ சொன்ன அளவு? ஸ்கூல் வேனுக்குச் சொன்னது? எல்லாம் கண்ணால பாத்ததா, வாயில வந்ததா?"

"அய்யோ அக்கா!" அவன் இரண்டடி முன்னால் வந்தான். "சத்தியமா இல்ல. இது வீட்டு வண்டி. மாமா ஆசைப்பட்டாருன்னு... வேற எதுலயும் ஒரு பாயிண்ட்கூட நான் மாத்திச் சொன்னதில்ல. நீ நம்பணும்."

நம்பணும். இத்தனை வருஷமும் அந்தச் சொல்லுக்கு அங்கே வேலையே இருந்ததில்லை. அவன் சொல்வான், அவள் வெட்டுவாள். அதற்கு நடுவில் நம்பிக்கை என்று தனியாக ஒன்று இருந்ததே இப்போது அது இல்லாமல் போனபிறகுதான் தெரிந்தது.

மத்தியானம் டாக்டர் சாப்பாட்டுக் கூடையோடு வருவார். அதற்குள் அவரிடம் எப்படிச் சொல்வது என்று அக்கா மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். அந்த மாதிரி பிளாக் இன்னொன்று கிடைக்காது. வெட்டியது அவள் கை. தம்பியைக் காட்டிக்கொடுக்கவும் மனது வரவில்லை. 'என்னங்க, ஒரு தப்பு நடந்துபோச்சு' என்று ஆரம்பிக்கலாமா? 'முதல்ல சாப்பிடுங்க' என்று ஆரம்பிக்கலாமா?

டாக்டர் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உற்சாகமாக வந்தார்.

"பேஷண்ட் எப்படி இருக்காரு? மயக்கம் தெளிஞ்சுதா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், துணி போர்த்திய மெஷினைப் பார்த்தார். கூடையைக் கீழே வைத்தார். அக்கா துணியை விலக்கி, டார்ச்சை அவர் கையில் கொடுத்தாள். வாழ்நாள் முழுவதும் பிறர் வாய்க்குள் எட்டிப் பார்த்த மனிதர். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, எங்கே பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே சரியாக அந்த இடத்தைப் பார்த்தார்.

வெகுநேரம் நிமிரவில்லை.

"என்னங்க..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"நானும்தான் பாத்தேன்" என்றார் டாக்டர், குனிந்தபடியே.

"எதை?"

"அந்த ரெண்டே காலை. திரையில நானும் பாத்தேன். இவன் நாலே காலுன்னு சொன்னான். நான் வாயைத் தொறக்கல."

அக்கா பேயறைந்தாற்போல் நின்றாள். அவள் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் சரிந்து விழுந்தன. மன்னிப்புக் கேட்பதற்காக அவள் காலையிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். இவரிடம்.

"ரெண்டு பேரும் பேசி வெச்சீங்களா?"

"இல்லம்மா. சத்தியமா பேசல. ஒரு பார்வை. அவ்வளவுதான். அப்புறம் அதப் பத்தி நாங்க வாயே தொறக்கல."

"ஆமாக்கா. பேசவே இல்ல" என்றான் தம்பி.

"பேசியிருந்தாக்கூடத் தேவலையே! ரெண்டு பேருல ஒருத்தருக்காவது வெக்கம் வந்திருக்கும்."

டாக்டர் டார்ச்சை அணைத்தார். "உன்கிட்ட கேட்டா வேணாம்னுதான் சொல்லுவே. அது சரியாத்தான் இருக்கும். எப்பவும் சரியாத்தான் இருக்கும். எனக்கு ஒரு தடவை... ஒரே ஒரு தடவை சரியில்லாதது நடக்கட்டும்னு தோணிடுச்சு."

அவள் நேராகப் போய், தம்பியின் இழுப்பறையைத் திறந்து, அந்த அளவுக் கருவியை எடுத்தாள். அவள் அதைத் தொட்டு அவர்கள் பார்த்ததில்லை. பசையைத் தடவினாள். ஏற்கெனவே வெட்டி முடித்திருந்த நான்காவதையும் இரண்டாவதையும், இன்னும் தொடாத முதலாவதையும் சுற்றிச் சுற்றி அளந்தாள். போன வாரம் தம்பி ராகம் போட்டுச் சொன்ன எண்களெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வெட்டியதைக் கழித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் இம்மி பிசகாமல் பொருந்தியது. அத்தனை இடங்களிலும் உண்மை. ஒரே ஒரு இடத்தில் பொய்.

அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அத்தனை உண்மைக்கு நடுவில் அந்தப் பொய் எவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தது! எல்லாமே தப்பாக இருந்திருந்தால்கூட எப்போதோ கண்டுபிடித்திருப்பாள்.

"இனிமே நான் வெட்டல" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சாப்பாட்டுக் கூடை பிரிக்கப்படாமல் அங்கேயே கிடந்தது.

அந்த வாரம் மெஷின்மேல் போட்ட துணி போட்டபடி இருந்தது. வந்தவர்களெல்லாம், "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் வந்து, வண்டி பஞ்சாகப் பறப்பதாகச் சொல்லி, இன்னொரு வண்டியையும் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "புகை வருதா? தண்ணி கொறையுதா? நெஜமாச் சொல்லுங்க" என்று குறுக்கு விசாரணை செய்ததில் அந்த மனிதர் திருதிருவென்று விழித்தார்.

வீட்டில் டாக்டர் சொல்லாமலே பாத்திரம் கழுவினார். துணி மடித்தார். குட்டி போட்ட பூனைபோல் அவளையே சுற்றி வந்தார். ஒரு நாள் சாயங்காலம் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"ஒரு பல்லத் தப்பாப் புடுங்கிட்டா பேஷண்ட் என்னை இப்படித்தான் பாப்பாங்க."

"தப்பாப் புடுங்கல நீங்க" என்றாள் அக்கா. "சொத்தைன்னு கண்ணால பாத்துட்டு, வாயைத் தொறக்காம இருந்தீங்க. அது தெரியாம நான் மென்னேன்."

டாக்டர் மடித்த துணியை அடுக்கி வைத்தார். "அந்த பிளாக்க விட்டுடலாம்மா. மேலே ஒரு கண்ணாடியப் போட்டு மேஜையா வெச்சுக்கலாம்" என்றார்.

"தினம் அதுமேல காப்பி வெச்சுக் குடிக்கச் சொல்றீங்களா? நடந்தத மறக்காம இருக்கவா?"

"அப்ப என்னதான் பண்றது?"

"ஓட்டை போட்டது நான். அடைச்சிட்டுத்தான் மறுவேலை."

வழி இருந்தது. அந்த ஒரு சிலிண்டரை மட்டும் இன்னும் அகலமாக வெட்டி, உள்ளே ஒரு புதிய இரும்புக் குழாயை இறக்கலாம். லைனர் என்பார்கள். சுவர் போன இடத்தில் லைனரே சுவராக நிற்கும். பிறகு அதற்குள் பிஸ்டனுக்கு ஏற்றபடி வெட்டிக்கொள்ளலாம். ஆனால் லைனர் உட்காரும் துளை லைனரைவிட ஒரு மயிரிழை சின்னதாக இருக்க வேண்டும். பிளாக்கைச் சுட வைத்து, லைனரைக் குளிர வைத்து இறக்கினால் கவ்விக்கொள்ளும். துளை கொஞ்சம் பெரிதாகிவிட்டால் லைனர் ஆடும், தண்ணீர் கசியும். அதற்குமேல் வெட்ட இரும்பு இல்லை.

லைனர் வந்த அன்று அக்கா மெஷினின் துணியை எடுத்தாள். தம்பி வழக்கம்போல் அளவுக் கருவிகளைத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான்.

"அத இங்க குடு" என்றாள். "நீ மெஷினுக்குப் போ."

"நானா?"

"நீதான். நான் அளந்து சொல்றேன், நீ வெட்டு."

தம்பி வெளிறிப் போனான். அவனுக்கு வெட்டத் தெரியாமல் இல்லை. சின்னச் சின்ன வேலைகளைச் செய்திருக்கிறான். ஆனால் இது... "அக்கா, என்னைத் திட்டு. அடி வேணும்னாலும் அடி. இது வேணாம்க்கா."

"உன்னைத் தண்டிக்கறதா நெனச்சியா? நீ அளந்து சொல்றத வெச்சு என்னால வெட்ட முடியல. கை வர மாட்டேங்குது. அப்ப மாத்தித்தானே ஆகணும்?"

டாக்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரட்டுமா என்று கேட்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

வேலை ஆரம்பித்தது. அக்கா நீண்ட கம்பியின் முனையில் இருந்த அளவுமானியைச் சிலிண்டருக்குள் இறக்கி, முள்ளைப் பார்த்து, இன்னும் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று சொன்னாள். தம்பி உளியை அதற்குத் தக்கபடி திருகி வைத்துவிட்டு மெஷினைப் போட்டான். ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அவர்கள் பேச்சில் ஒரு பாயிண்ட். முதல் சுற்றுகளில் பாயிண்ட் கணக்கெல்லாம் பெரிதாக இருந்தது. கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பாதகமில்லை. சுற்றுக்குச் சுற்று எண் சுருங்கிக்கொண்டே வந்தது. தம்பியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு எண்ணையும் அவன் கேட்டதும் அக்காவின் வாயை ஒரு கணம் பார்த்தான். இத்தனை காலம் தானும் இப்படித்தான் அவன் வாயை நம்பி வெட்டியதை அக்கா நினைத்துக்கொண்டாள்.

கடைசிச் சுற்று. இதற்குப் பிறகு தப்புக்கு இடமில்லை. அக்கா அளவுமானியை இறக்கினாள், ஆட்டி நிலைநிறுத்தினாள். முள் பன்னிரண்டில் நின்றது, இன்னும் பன்னிரண்டு பாயிண்ட்தான் வெட்ட வேண்டும்.

"எவ்வளவுக்கா?"

அவள் வாயைத் திறந்தாள். நாக்கின் நுனியில் வந்து நின்ற எண் இருபது.

அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் அதை நினைக்கவில்லை, திட்டமிடவில்லை. ஒரு வாரமாகக் கோபம்கூட வடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். இருபது என்று சொன்னால் போதும். அவன் கேள்வி கேட்காமல் வெட்டுவான். லைனர் தொளதொளவென்று ஆடும். அவன் கையால், அவள் சொல்லால், எல்லாம் முடிந்துபோகும். அப்போது அவனுக்கும் தெரியும், அது எப்படி இருக்கும் என்று. அந்த எண் வாய்க்குள் வழுவழுவென்று, எந்த உறுத்தலும் இல்லாமல் இருந்தது. அவளுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஜில்லென்று ஓடியது. துருவைப் பார்த்தபோதுகூட இப்படி இல்லை.

"அக்கா?"

"பன்னெண்டு" என்றாள்.

தம்பி தலையாட்டினான். உளியைத் திருகினான். இந்த முறை அவள் வாயைப் பார்க்கவில்லை. நேராக ஸ்விட்சுக்குக் கையைக் கொண்டுபோனான்.

"இரு! போடாதே!"

அவன் கை அந்தரத்தில் நின்றது. வாசலில் டாக்டர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"நான் என்ன சொன்னேன் இப்போ?"

"பன்னெண்டுன்னு சொன்னே."

"பன்னெண்டுதானே சொன்னேன்? இருபதுன்னு சொல்லலையே?"

"இல்லையே. பன்னெண்டுதான்." அவன் குழம்பிப் போனான். "எனக்கு அப்படித்தானே கேட்டுச்சு மாமா?"

"பன்னெண்டுதான்" என்றார் டாக்டர்.

அக்கா மறுபடி அளவுமானியை இறக்கினாள். பார்த்தாள். பன்னிரண்டு மாதிரிதான் இருந்தது. ஆனால் பார்த்ததைத்தான் சொன்னோமா, சொன்னதைப் பார்க்கிறோமா என்று இப்போது அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"இங்க வா" என்றாள். "நீயும் பாரு."

தம்பி அசையவில்லை. "நான்தானே வெட்டறேன். நான் எப்படிப் பாக்கறது?"

"வாடான்னா."

அவன் வந்தான். கையைத் துணியில் அழுத்தித் துடைத்துவிட்டு, அவள் தோளை இடித்துக்கொண்டு குனிந்தான். டாக்டரும் பின்னாலேயே வந்துவிட்டார்.

"நானும் பாக்கலாமா?"

"பாருங்க. இந்தத் தடவை வாயைத் தொறந்து வெச்சுக்கிட்டுப் பாருங்க" என்றாள் அக்கா.

தம்பி ஒரு கண்ணை மூடினான். தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்தான். பிறகு வலப்பக்கம். வெளியே ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போய் மறையும்வரை முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா."

"ம்."

"பன்னெண்டு இல்லக்கா."

"என்னது?"

"சாச்சுப் பாக்கறே நீ. நேரா பாரு. பதினொண்ணரை."

அக்கா அவனை நகர்த்திவிட்டு, முள்ளுக்கு நேர் எதிரே கண்ணைக் கொண்டுபோய் வைத்தாள். முள் பன்னிரண்டுக்கு முன்னால், ஒரு மயிரிழைக்கும் குறைவான இடத்தில் நின்றுகொண்டிருந்தது. டாக்டர் மூச்சு விடுகிற சத்தம் அவள் காதோரம் கேட்டது.

"பதினொண்ணரைதான்" என்றார் டாக்டர், மெதுவாக.

அக்கா நிமிர்ந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் பயந்துபோயிருந்தான். ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

"பதினொண்ணரை" என்றாள் அக்கா. "உளியை மறுபடி திருகி வை. வெட்டு."